தலைவர் வயலுக்கு வழி

மருதையன் அன்றைக்கு முடியாது என்று சொல்லப்போகிறான் என்பது மருதையனுக்கே தெரியாது. சொன்னால் நம்ப மாட்டீர்கள்; நடந்தது அதுதான். தை மாதக் கடைசி. காலையில் கொல்லைக் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தவனை, "என்னாங்க, வாசல்ல தலைவரம்மா வந்து நிக்கிறாங்க" என்று அவன் மனைவி அல்லி கூப்பிட்டாள். வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடி வந்தான். நீலாயதாட்சி படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். கால் இரண்டிலும் வயல் சேறு. கையில் ஒரு நெற்கதிர்.

"உள்ள வாங்கண்ணி, ஏன் வெளிய நிக்கிறீங்க?"

"காலெல்லாம் சேறு தம்பி. ஒண்ணுமில்ல, நம்ம வயலு நல்லா முத்திடுச்சு. இந்தா பாருங்க, கைய வச்சா உதிருது. அஜ்மீர் பாய் அறுப்பு மிஷின் வெள்ளிக்கெழம வரைக்கும் நம்மூர்லதான் நிக்கிதாம். உங்க வயல்தான் அறுத்துக் கெடக்கே, அது வழியா மிஷின உள்ள வுட்டுக்கலாமான்னு கேக்க வந்தேன். வரப்ப நானே ஆள் வச்சு கட்டிக் குடுத்துடறேன்."

"இதுக்குப் போயி நீங்க வரணுமாண்ணி" என்றுதான் மருதையன் ஆரம்பித்தான். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அதற்கு அடுத்த பேச்சு எந்த மூலையிலிருந்து கிளம்பி வந்ததோ, கடவுளுக்கே வெளிச்சம்.

"ஆனா பாருங்க, வயல்ல உளுந்து தெளிச்சுப்புட்டேன். மிஷின் ஏறுனா எல்லாம் போயிடும்."

நீலாயதாட்சி ஒரு கணம் அவனைப் பார்த்தாள். "அப்புடியா தம்பி? எனக்குத் தெரியாது. வெதச்ச வயல்ல மிஷின ஏத்தக் கூடாதுதான்" என்றாள். கையிலிருந்த கதிரைப் பார்த்தாள். "சரி, வர்றேன். அல்லி, வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உளுந்தாவது மண்ணாவது! அந்த வயலில் ஒரு பொட்டு விதை கிடையாது. எங்கள் பக்கத்தில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அறுக்கும்போது மிஷின் ஒரு தடவை ஓடுவதை அது தாங்கிக்கொள்ளும். அதற்குமேல் இன்னொருவர் மிஷினும் நெல் ஏற்றுகிற டிராக்டரும் போய்ப் போய் வந்தால் தடம் விழுந்த இடத்தில் புல்கூட முளைக்காது. அதனால் உளுந்து என்று சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். கேட்கவே முடியாத ஒரு காரணத்தை மருதையனின் வாய் அவனைக் கேட்காமலே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது. இந்த வருஷம் அவன் சோம்பல்பட்டு உளுந்தே வாங்கவில்லை.

யார் இந்தத் தலைவரம்மா என்று சொல்லாமல் போனால் உங்களுக்கு இதில் இருக்கிற அநியாயம் விளங்காது. காரைக்காலிலிருந்து திருவேட்டக்குடிக்குப் போகிற வழியில் இருக்கிறது பொய்கைமேடு. இரண்டாயிரத்து ஆறில் நடந்த தேர்தலில் அந்த ஊருக்குப் பஞ்சாயத்துத் தலைவராக வந்தவர் சோமசேகரன். ஐந்து வருஷத்தில் பதவி முடிந்தது. அதற்கப்புறம் எங்கள் காரைக்கால் பக்கம் உள்ளாட்சித் தேர்தலே வரவில்லை. அடுத்தவர் வராத ஊரில் பழைய தலைவர்தானே தலைவர்? முத்திரை கிடையாது, கையெழுத்து செல்லாது. ஆனாலும் விடிந்தால் அவர் வாசலில் நாலு பேர் நிற்பார்கள். மனுஷன் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிக் காரைக்காலுக்குப் போய், யார் யாருக்காகவோ ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் யாருடைய பென்ஷனுக்கோ கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போய்விட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தவர்தான். எழுந்திருக்கவில்லை. நீலாயதாட்சி அவர் மனைவி.

இதெல்லாம் ஊருக்குச் செய்தது. மருதையனுக்குச் செய்தது தனி. அவன் மகள் வினோதா பிறந்த வருஷம் கார்த்திகையில் வெள்ளம். அல்லிக்கு வலி எடுத்து ஒரு ராத்திரி முழுக்கப் போயிற்று, குழந்தை வருகிற வழியாக இல்லை. ரோடு என்று அப்போது இருந்தது மண் தடம். அதையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. விடிந்ததும் சோமசேகரன் தன் டிராக்டரோடு வந்தார். அல்லியை ஏற்றினார். நேரே தன் வயலுக்குள் இறக்கினார். நட்டு ஒரு மாதமான பயிர். இந்தப் பக்கம் நுழைந்து, பயிரை மிதித்துக் கூழாக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் மெயின் ரோட்டைப் பிடித்தார். "தலைவரே, பயிரு!" என்று மருதையன் கத்தினானாம். "பயிரு அடுத்த வருஷமும் வரும்டா, புடிச்சு உக்காரு" என்றாராம். அல்லி உயிரோடு இருப்பதும், வினோதா இன்றைக்கு நர்சிங் படிப்பதும் அந்த டிராக்டரால்தான்.

வெள்ளம் வடிந்த கையோடு, ஊருக்கு ஒரு நல்ல ரோடு வேண்டும் என்று ரோட்டோரம் இருந்த தன் இரண்டு மா நிலத்தை ஊருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் சோமசேகரன். ரோடு வந்தது. மிச்ச இடத்தில் குடிதண்ணீர்த் தொட்டி வந்தது, ரேஷன் கடை வந்தது. தலைவருடைய மீதி எட்டு மா, இரண்டரை ஏக்கருக்கு மேல், அவற்றுக்குப் பின்னால் போய்விட்டது. கிழக்கே மருதையன் வயல், மேற்கே ராஜ்மோகன் வயல், தெற்கே வாய்க்கால். இந்த இரண்டு பேரில் ஒருவர் வரப்பைச் சரித்து வழி விட்டால்தான் அதற்குள் மிஷின் போக முடியும். அவர் இருந்தவரைக்கும் அறுப்புக்கு முதல் நாளே மருதையன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வரப்பைச் சரித்துவிடுவான். யாரும் கேட்டதில்லை, கேட்கும்படி அவன் வைத்துக்கொண்டதும் இல்லை.

அவர் போன பிறகு இரண்டு வருஷம் வயல் ராஜ்மோகனிடம் குத்தகைக்கு இருந்தது. இந்த வருஷம் நீலாயதாட்சி தானே இறங்கிவிட்டாள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற மகள் விஷ்ணுப்ரியா, "எல்லாத்தையும் வித்துட்டு வாம்மா" என்று போன் மேல் போன். "ஒரே ஒரு வெள்ளாமைய நானே செஞ்சு வீடு கொண்டாந்து சேக்கிறேன். சேத்துட்டா என்ன இஞ்சயே வுட்டுடு. முடியலன்னா வாய மூடிக்கிட்டு ஒன் கூட வந்துடறேன்" என்று இவள் பந்தயம் கட்டியிருந்தாள். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மருதையனுக்கும் நன்றாகத் தெரியும்.

இப்போது சொல்லுங்கள், அவன் என்ன மனுஷன்?

அல்லியும் அதைத்தான் கேட்டாள். தலைவரம்மா தெருமுனை தாண்டும் வரைக்கும் பொறுத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"எந்த உளுந்துங்க?"

"சும்மா இரு அல்லி."

"இல்ல, எனக்குத் தெரியாம எந்த உளுந்த எப்ப தெளிச்சீங்க? தோசைக்குப் போடவே வீட்ல உளுந்து இல்ல."

"தெளிக்கலாம்னு இருந்தேன்."

"இருந்தீங்க! அந்தம்மா மொகத்தப் பாத்து எப்புடிங்க வாய் வந்துச்சு? என்ன ஏத்திக்கிட்டுப் போறப்ப அவரு உளுந்து பாத்தாரா, பயிரு பாத்தாரா?"

"ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியலடி!" என்று கத்தினான் மருதையன். கத்தினது என்னவோ கோபத்தில் கத்தினது மாதிரிதான் இருந்தது. ஆனால் அது நிஜம். அவனுக்குத் தெரியவில்லை. நீலாயதாட்சி மேல் அவனுக்கு ஒரு பகை கிடையாது. தலைவர் மேல் உயிரே வைத்திருந்தான். பாடையில் முன்கால் பிடித்தவன் அவன்தான். பின்னே அந்த வார்த்தை யாருடையது? வேறு எவனோ அவன் வாய்க்குள் உட்கார்ந்து பேசிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

போய் யாரிடமாவது நாலு திட்டு வாங்கினால் மனசு சமாதானமாகும் என்று தோன்றியது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே அஞ்சுகத்தின் டீக்கடை. ராஜ்மோகன் பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான்.

"தலைவரம்மா வந்தாங்க. மிஷினுக்கு வழி கேட்டாங்க. முடியாதுன்னுட்டேன்" என்றான் மருதையன், திட்டுக்குத் தலையைக் குனிந்துகொண்டு.

"நல்லதா போச்சு மாப்ள!" என்றான் ராஜ்மோகன். "நேத்து எங்கிட்டயும் வந்தாங்க. மருதையன் வயலு அறுத்துக் கெடக்கு, அங்க கேளுங்கன்னு அனுப்பிட்டேன். நீ வுட்டுடுவியோன்னு நெனச்சேன்."

"நான் வுட்டுருந்தா?"

"வுட்டுருந்தா என்ன, நானும் வுட்டுருப்பேன். நீயே வுடல, அப்பறம் நான் ஏன் வுடணும்? நல்லா வெளஞ்ச குத்தகையப் புடுங்கிக்கிட்டாங்கள்ல."

அஞ்சுகம் டீயை ஆற்றிக்கொண்டே சேர்ந்துகொண்டாள். "பின்ன என்னண்ணே, நம்ம என்ன காலம் பூரா அவங்க வீட்டு ஆளா? தலைவரு நல்லவருதான், இல்லங்கல. இந்தக் கடைக்கு அவருதான் கரண்டு வாங்கிக் குடுத்தாரு. ஆனா எம்மவனுக்கு வேல வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டு, வாங்கித் தராமயே போய்ச் சேந்துட்டாரே!"

வேலை வாங்கிக் கொடுக்காமல் செத்துப்போனது ஒரு குற்றம். கேட்டுக்கொள்ளுங்கள். மருதையன் அஞ்சுகத்தைப் பார்த்தான். அவள் சிரிப்புக்குச் சொல்லவில்லை. முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. ராஜ்மோகனும் "அதானே" என்று தலையை ஆட்டினான். ஏறின ஏணியை எட்டி உதைக்கிறவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஏணி இன்னும் ரெண்டு படி நீளமாக இருந்திருக்கக் கூடாதா என்று கோபித்துக்கொள்கிறவர்களை என்ன சொல்வது?

தனக்கும் அப்படி ஏதாவது ஒரு குறை இருக்கிறதா என்று மருதையன் யோசித்தான். இருந்தால் வசதியாக இருக்கும். ரொம்ப நேரம் தேடிப் பார்த்ததில் ஒன்று கிடைத்தது. விஷ்ணுப்ரியா கல்யாணத்தில் அவனை முதல் பந்தியில் உட்காரவைக்கவில்லை. "கல்யாணத்துல என்ன மொதப் பந்தியில உக்கார வைக்கல" என்று வாய்விட்டே சொன்னான். "பாத்தியா!" என்றான் ராஜ்மோகன். சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது: முதல் பந்தியில் சாம்பார் வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்ததே அவன்தான். தலைவர் கையைப் பிடித்து இழுத்து உட்காரச் சொன்னார். "நம்ம வீட்டுக் கல்யாணம், கடைசியில சாப்புட்டுக்கறேன்" என்று இவன்தான் உதறிக்கொண்டு ஓடினான்.

டீயைக் குடித்துவிட்டு அண்ணாந்து பார்த்தான். தொட்டியின் வயிற்றில் முன்பெல்லாம் நீல எழுத்தில் சோமசேகரன் பேர் இருக்கும். இப்போது வெறும் வெள்ளை.

"பேரு எங்க போச்சு?"

"எந்தப் பேரு?" என்றாள் அஞ்சுகம். அவளும் அண்ணாந்து பார்த்தாள். "அட ஆமா. போன வருசம் பெயின்ட் அடிச்சாங்கள்ல, அப்பவே போயிருக்கும்."

வருஷம் முழுக்க அந்தத் தொட்டியின் கீழேதான் மூன்று பேரும் டீ குடித்திருக்கிறார்கள். திட்டு வாங்கப் போன இடத்தில் மருதையனுக்குப் பாராட்டு கிடைத்தது. தப்புதான் செய்தோமா, சரிதான் செய்தோமா? ஊரே சரி என்கிறது. ஊர் என்றால் ராஜ்மோகனும் அஞ்சுகமும்தானா?

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அஜ்மீர் பைக்கை நிறுத்தினார். மிஷின் வைத்திருப்பவர், அவரைக் கூப்பிட்ட ஊருக்கெல்லாம் மிஷின் போகும்.

"என்னண்ணே, தலைவரம்மா வயலுக்கு வழியில்லன்னு சொல்லிட்டீங்களாமே? உளுந்து கெடக்குன்னாங்க. போன வாரம் உங்க வயல அறுக்கறப்ப கூடவேதான நடந்து வந்தேன். வெத ஒண்ணையும் நான் பாக்கலியே?"

"அது… அப்பறம் தெளிச்சேன் பாய்."

"அறுத்த பொறவா? ஈரம் பத்தாதே அண்ணே" என்று சிரித்தார் அஜ்மீர். "வெள்ளி வரைக்கும் இஞ்சதான் இருப்பேன். மனசு மாறுனா ஒரு போன் போடுங்க. அதுக்கு மேல நெடுங்காட்டுக்காரங்க வுட மாட்டாங்க."

மனசு மாறினால் போன் போடலாம். அவ்வளவு சுலபம். மருதையன் சட்டைப்பையில் போனும் இருந்தது. ஆனால் புத்தி போன வழியைப் பாருங்கள். பொய் வெளியே வந்துவிடப் போகிறது என்பதுதான் அவனுக்கு உறைத்தது. அஜ்மீர் போய் அவளிடம் சொல்லிவிட்டால்? பொய் சொன்னவன் ஆகிவிடுவோமே! அந்தப் பயத்தில், பொய்யை வாபஸ் வாங்குவதை விட்டுவிட்டு அதை மெய்யாக்கப் புறப்பட்டான். நேரே பஸ் பிடித்துக் கோட்டுச்சேரிக்குப் போனான். விதை உளுந்து ஒரு பை வாங்கினான்.

மறுநாள் உச்சி வெயில். வயல்வெளியில் ஈ காக்கை இல்லை. கூடையில் உளுந்தை எடுத்துக்கொண்டு, அறுத்த தாளுக்குள் இறங்கித் தெளிக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு கைப்பிடிக்கும் ஒரு நிம்மதி. இனிமேல் யார் வந்து பார்த்தாலும் உளுந்து இருக்கிறது. சொன்னது சொன்னபடி. சொன்ன பொய்க்கு விதை வாங்கிப் போட்டவன் நம் டெல்டாவிலேயே இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

பாதி வயல் முடிந்து நிமிர்ந்தபோது, மேற்கு வரப்பில் நீலாயதாட்சி நின்றுகொண்டிருந்தாள்.

குருவி விரட்ட வந்திருக்கிறாள். கையில் ஒரு ஒடுக்கு விழுந்த தட்டும் குச்சியும். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது. மருதையன் கையில் உளுந்து. மூடவும் முடியவில்லை, வீசவும் முடியவில்லை. பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

"வெத பத்துமா தம்பி?" என்று கேட்டாள் நீலாயதாட்சி.

அவன் குனிந்து கூடையைப் பார்த்தான்.

"பத்தலன்னா சொல்லுங்க. வீட்ல வெத உளுந்து கொஞ்சம் இருக்கு, அவரு இருக்கறப்ப வாங்கி வச்சது இல்ல, போன வருசம் குத்தகையில வந்ததுதான். பழுது இருக்காது."

"பத்தும் அண்ணி" என்றான்.

"சரி தம்பி" என்று சொல்லிவிட்டு அவள் தட்டைத் தட்டிக்கொண்டு தன் வரப்போடு போய்விட்டாள்.

அந்தக் கேள்விதான் மருதையனைத் தின்றது. குத்திக் காட்டினாளா? குத்திக் காட்டுகிற குரலே அது இல்லை. அப்படியானால் விளங்கவில்லையா? விளங்காமல் இருக்க அவள் என்ன குழந்தையா? நேற்று தெளித்துவிட்டேன் என்றவன் இன்றைக்குத் தெளிக்கிறான். விட்டுப்போன இடத்தில் மறுபடி தெளிக்கிறான் என்று நினைத்திருப்பாளோ? நினைத்திருக்கலாம். நினைக்காமலும் இருக்கலாம். ஒரு வார்த்தை திட்டியிருந்தால், "நீ நல்லா இருப்பியா"வென்று ஒரு பிடி மண்ணை வாரித் தூற்றியிருந்தால், இவன் காலில் விழுந்து அப்போதே வரப்பை வெட்டியிருப்பான். இப்படி விதை பத்துமா என்று கேட்டால் மனுஷன் எதைப் பிடித்துக்கொள்வது?

வீட்டில் அல்லியிடம் சொன்னான். அல்லி முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஒங்களுக்கு என்ன வந்துச்சுன்னு நான் சொல்லட்டா? இத்தன வருசமும் நம்மதான் அவங்க வாசல்ல போயி நின்னோம். ரேசன் கார்டுக்கு நின்னோம், வினோதா ஸ்கூல் சீட்டுக்கு நின்னோம். மொதத் தடவயா அந்த வீட்டு ஆளு நம்ம வாசல்ல வந்து கேட்டு நின்னுச்சு. அது ஒங்களுக்கு இனிச்சிருக்கு."

"சீ! என்ன பேச்சு பேசுற?"

"இனிச்சிருக்கு. இன்னொரு தடவ வந்து நிக்கட்டும்னு தோணியிருக்கு. அவங்க நிக்கல, சரின்னுட்டுப் போயிட்டாங்க. அதான் இப்ப கெடந்து முழிக்கிறீங்க."

இல்லை என்று அடித்துச் சொன்னான் மருதையன். சத்தியம் செய்தான். ஆனால் படுக்கும்போது, நீலாயதாட்சி படிக்கு வெளியே சேற்றுக்காலோடு நின்றதை நினைத்துப் பார்த்தான். அந்த நேரத்தில் தன் முதுகு கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி ஞாபகம். பல்பொடி ருசியோடு வேறு ஏதோ ஒன்றும் வாயில் இருந்த மாதிரி ஞாபகம். இருந்ததா, இல்லை அல்லி சொன்னதால் இப்போது இருந்த மாதிரித் தோன்றுகிறதா? யாரால் சொல்ல முடியும்.

வெள்ளிக்கிழமை காலையில் மிஷின் நெடுங்காட்டுக்குக் கிளம்பியது. மருதையன் வாசலில் நின்று அது போவதைப் பார்த்தான். கூப்பிட்டு நிறுத்தலாம். கையைத் தூக்கினால் போதும். ராஜ்மோகன் அவன் வீட்டு வாசலில் நின்று இவனைப் பார்த்தான். இவன் கையைத் தூக்கினால் அவனும் தூக்கியிருப்பான். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். மிஷின் தொட்டியைச் சுற்றித் தலைவர் கொடுத்த நிலத்தின் மேல் வளைந்து போய்விட்டது.

சனிக்கிழமை மழை பிடித்தது. பெருமழை இல்லை, முற்றின பயிரைச் சாய்க்கப் பெருமழை எதற்கு? ஞாயிற்றுக்கிழமையும் விட்டு விட்டுப் பெய்தது. எட்டு மாவும் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. அதற்கப்புறம் வெயில் அடித்தும் பிரயோஜனம் இல்லை, தரையில் கிடந்த கதிரிலேயே நெல் முளைக்க ஆரம்பித்தது. விஷ்ணுப்ரியா லீவு போட்டுவிட்டுச் சென்னையிலிருந்து வந்தாள். கையால் அறுக்க ஆள் தேடினார்கள். எல்லோரும் "அடடா, தலைவர் வயலா!" என்று உச்சுக் கொட்டினார்கள். வர ஒருவருக்கும் கை ஒழியவில்லை.

அந்த மழைக்கு மருதையனின் உளுந்து முளைத்ததைப் பார்க்க வேண்டுமே! ஈரம் போதாது என்று அஜ்மீர் சொன்ன வயலில், வானமே வந்து தண்ணீர் தெளித்துவிட்டுப் போயிருந்தது. இரண்டிரண்டு இலை விட்டு, வயல் முழுக்கப் பச்சை. அவன் ஆயுசில் அப்படி ஒரு முளைப்பை அவன் பார்த்ததில்லை. போகிற வருகிறவன் எல்லாம் "என்ன மாப்ள, உளுந்து பிரமாதமா வந்திருக்கே!" என்று கேட்டுவிட்டுப் போனான். ஒவ்வொருவன் கேட்கும்போதும் மருதையனுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

ஒரு காலையில் எழுந்து பார்த்தால் அல்லியைக் காணோம். சுவரில் செருகியிருந்த இரண்டு அரிவாளில் ஒன்றையும் காணோம். மருதையனுக்கு விளங்கிவிட்டது. மிச்சம் இருந்த அரிவாளை உருவிக்கொண்டு வயலுக்கு நடந்தான்.

தூரத்திலேயே தெரிந்தது. தலைவர் வயலில் மூன்று பெண்கள். சாய்ந்த பயிரைத் தூக்கித் தூக்கி, முளைக்காத கதிராகப் பார்த்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அல்லி. அவள் இவனைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். மருதையன் கிட்டே வருவதற்குள் நீலாயதாட்சி ஒரு நெற்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரப்பு வழியாக ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். அது மருதையன் வயல் வரப்பு. மழையில் ஊறி வழுக்கியது. பின்னால் ஒரு சின்னக் கட்டோடு வந்த விஷ்ணுப்ரியா கால் தடுமாறி ஒரு எட்டு உளுந்துக்குள் வைத்துவிட்டாள்.

"ஏய், பாத்து வா, ஓரமா வா" என்று திரும்பாமலே சொன்னாள் நீலாயதாட்சி. "தம்பி உளுந்தை மிதிச்சுடாத."

மருதையன் ரோட்டிலிருந்து வயலுக்குள் இறங்கினான். வரப்பு ஞாபகமே இல்லை. குறுக்கே, முளைப்பையெல்லாம் மிதித்துக்கொண்டு, அவளைப் பார்த்து ஓடினான்.

"தம்பி! தம்பி! மிதிபடுது பாருங்க!" என்று பதறினாள் அவள்.

"படட்டும் அண்ணி. கட்ட எங்கிட்ட குடுங்க."

"வேண்டாம் தம்பி. தலையில ஏத்துனத எறக்குனா மறுபடி ஏத்தறது கஷ்டம்."

அவள் நிற்கவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை. அவன் வரப்புக்குக் கீழே சேற்றில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தான். கேட்டுவிட்டான்.

"அண்ணி, அன்னிக்கு நான் உளுந்து தெளிச்சதப் பாத்தீங்கள்ல?"

"பாத்தேன்."

"பொய் சொன்னேன்னு தெரிஞ்சுதுல்ல?"

"தெரிஞ்சுது."

"அப்பறம் ஏன் அண்ணி ஒரு வார்த்த கேக்கல? வெத பத்துமான்னு கேட்டீங்களே, அது என்னா கேள்வி?"

"அவரு இருந்தா அததான் கேட்டுருப்பாரு" என்றாள் நீலாயதாட்சி. "எனக்கு வேற ஒண்ணும் தோணல."

மருதையனுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "ஏன் முடியாதுன்னு சொன்னேன்னு எனக்கே தெரியல அண்ணி. சத்தியமா தெரியல. அல்லி என்னமோ சொல்றா. ராஜ்மோகன் என்னமோ சொல்றான். எனக்கு ஒண்ணும் புரியல."

கட்டின் கனத்தில் அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இப்போதுதான் நின்றாள்; கொஞ்ச நேரம் யோசித்தாள். கோபமாக யோசிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தாள்.

"எனக்கும் அதான் தம்பி புரியல. ராத்திரியெல்லாம் ஒக்காந்து யோசிச்சுப் பாத்துட்டேன். எதுல நாங்க கொற வச்சோம்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்." பெருமூச்சு விட்டாள். "மாசி மகம் முடிச்சுட்டுத்தான் பிரியாவோட கெளம்பறேன். அதுக்குள்ள ஒங்களுக்குத் தெரிஞ்சா வந்து சொல்லுங்க."

சொல்லிவிட்டு நடந்தாள். வரப்பில் அவன் நின்ற இடத்துக்கு எதிரே வழுக்கல் அதிகம். ஒரு கால் உளுந்தில் வைத்தால் சுலபமாகத் தாண்டலாம். அவள் காலைக் குறுக்கி, விரலால் மண்ணைப் பற்றி, ஒரு முளைகூட மிதிபடாமல் தாண்டி ரோட்டுக்குப் போனாள்.